செவுள் இல்லாத மீன்

மகன்,

போன ஞாயிறு நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "சோறு அடுப்பில இருக்கு, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை, அவ்வளவுதான். உன் கல்யாணத்துக்குச் சித்தப்பா வருவாரா என்று கேட்டாய். உன் அப்பாவுடன் கூடப் பிறந்த ஒரே தம்பி அவர். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் கோயிலில் உன்னை ஏந்தி நின்று உனக்கு ஞானத் தகப்பன் ஆனவர். எங்கள் தெருவில், இதே ஒழுங்கையிலேயே, சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறவர். பூசையின்போது அவர் உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். அவரும் உன் அப்பாவும் முகம் பார்த்துக் கதைத்து வருசக் கணக்காகிறது என்பதும் உனக்குத் தெரியும். "அம்மா, ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது, இதென்ன பெரிய வேலை" என்றாய். பக்கத்தில் தர்ஷினி சிரித்த சத்தமும் கேட்டது. நான் பிழையாக எடுக்கவில்லை. எனக்கும் யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

மெசேஜ் போட எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் இப்போது தெரியும். விடிந்தவுடன் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிற கூட்டத்தில் அவரும் சேர்ந்துவிட்டார். ஆனால் எங்கள் ஒழுங்கையில் கோபம் தீர்வது அப்படி இல்லை. நீ பள்ளிக்கூடம், டியூசன் என்று திரிந்து, வேலை கிடைத்ததும் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குப் போய்விட்டாய். இங்கே நடக்கிற சங்கதிகளில் உனக்குப் பாதிதான் தெரியும். மற்றப் பாதியை இதில் எழுதுகிறேன். தர்ஷினியும் வாசிக்கட்டும். யாழ்ப்பாணத்து ரீச்சர் வீட்டுப் பிள்ளை கொழும்பு முகத்துவாரத்து மீன்காரர் வீட்டுக்கு மருமகளாக வருகிறது. வருகிற இடத்தில் என்ன வகைப் பைத்தியம் என்று முதலே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"கறிக்கு" என்ற சொல்லை நீ கேட்டிருப்பாய். வள்ளம் கரைக்கு வந்ததும், வியாபாரிகள் விலை பேசுவதற்கு முன்னமே, வள்ளக்காரன் கொஞ்சம் மீனை அள்ளி ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பான். அதுதான் கறிக்கு. வள்ளத்தை மேலே இழுக்கக் கை கொடுத்தவனுக்கு அதில் பங்கு உண்டு. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு உண்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளுக்கு உண்டு. அது தராசில் ஏறாது. அதற்குச் சல்லி கேட்பதும் இல்லை, வாங்கியவர் நன்றி சொல்வதும் இல்லை. நான் கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்தவள், என் அப்பா துறைமுகக் கிட்டங்கியில் வேலை செய்தவர், எங்களுக்கு மீன் என்றால் கடையில் வாங்குகிற சாமான். கல்யாணம் முடித்து இங்கே வந்த புதிதில் முன்வீட்டு அக்காவோடு எனக்குத் தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தது. வாயால் சொல்ல முடியாததெல்லாம் இரண்டு பேரும் சொன்னோம். பிறகு பல நாள் பேச்சில்லை. ஒரு காலையில் அந்த அக்கா ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சாளையை இன்னொரு கோப்பையால் மூடிக்கொண்டு வந்து வாசலில் நீட்டி, "கறிக்கு" என்றாள். நான் மணிப்பர்சை எடுத்துக்கொண்டு வந்து, "எவ்வளவு அக்கா?" என்று கேட்டேன். ஒழுங்கை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. உன் அப்பா இப்போதும் நல்ல மனநிலையில் இருந்தால் என்னைப் பார்த்து "எவ்வளவு அக்கா?" என்று கேட்பார்.

அன்றைக்குத்தான் விளங்கியது. இங்கே கோபம் முடிந்தது என்று வாயால் சொல்வதில்லை, மீன் கோப்பை போகும். மீன் முழுசாக இருக்க வேண்டும். தலை, செதிள், செவுள், வயிறு எல்லாம் கடலில் இருந்து வந்தது போலவே இருக்க வேண்டும், கத்தி படக் கூடாது. கொண்டு போகிறவர் "கறிக்கு" என்று மட்டும் சொல்வார், மற்றவர் வாங்கிக்கொள்வார். போன கோப்பை வெறுமனே திரும்பி வராது. வாங்கிய வீட்டுக்கு மீன் படுகிற நாளில் அதே கோப்பையில் மீன் வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? யார் பக்கம் பிழை என்ற பேச்சே வராது. யார் முதலில் இறங்கிப் போவது என்ற ரோசமும் வராது. யாருக்கு முதலில் நல்ல மீன் படுகிறதோ அவர் கொண்டு போவார். அதைக் கடல் பார்த்துக்கொள்ளும். மதில் சண்டை, எலெக்‌ஷன் சண்டை, பிள்ளைகள் ஓடிப்போன சண்டை என்று எத்தனையோ இப்படி முடிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். உன் அப்பா என்னோடு கோபித்துக்கொண்டு கடலுக்குப் போனால், திரும்பி வந்து ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். சாப்பிடும்போது பார்த்தால் மீன் தலை என் கோப்பையில் இருக்கும். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அந்த மனுசன் என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. எத்தனை மீன் தலை தின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சித்தப்பாவின் சண்டைக்கு வருகிறேன். நீ அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவும் அவரும் ஒரே வள்ளத்தில் போய் வந்தவர்கள். கரையோர மீன் குறையக் குறைய, சித்தப்பா ஒரு முதலாளியிடம் சேர்ந்து, பெரிய விளக்குகள் பூட்டிய படகில் போகத் தொடங்கினார். இரவில் வெளிச்சம் காட்டினால் மீன் கூட்டமாக வரும், சின்னக் கண் வலையால் வளைத்து அப்படியே அள்ளலாம். குஞ்சும் வரும், சினை மீனும் வரும். உன் அப்பா சொல்லிப் பார்த்தார். "நான் அள்ளாட்டி இன்னொருத்தன் அள்ளுவான் அண்ணே" என்றார் சித்தப்பா. அதுவும் பொய் இல்லை. கொஞ்சக் காலம் கழித்து உன் அப்பாவும் சின்னக் கண் வலைதான் வாங்கினார், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் சண்டை வந்தது வலையால் இல்லை. ஒரு நாள் அந்த விளக்குப் படகு தண்ணியில் தாண்டு போகிற மாதிரி, பாரம் தாங்காத மீனோடு கரைக்கு வந்தது. ஒழுங்கைச் சனம் முழுக்க வழக்கம் போலப் போய் நின்றது. முதலாளியின் ஆள் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்து லொறியில் ஏற்றினான். கறிக்கு என்று ஒரு மீன் ஒதுக்கவில்லை. சனம் வெறுங்கையோடு நின்றது. உன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், "கறிக்குக் குடுக்காதவனெல்லாம் ஒரு வள்ளக்காரனாடா? ஆத்தாட வயித்திலதான் பிறந்தனீயா?" என்று கேட்டுவிட்டார். சித்தப்பா முகம் செத்துப்போய், "அது என்ட மீன் இல்ல அண்ணே, முதலாளிட மீன்" என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகக் கதைத்தது.

அப்போது யாரும் கவலைப்படவில்லை. யாருக்காவது நல்ல மீன் படும், கோப்பை போகும், முடிந்துவிடும் என்று இருந்தோம். நானும் அப்படித்தான் இருந்தேன். படவில்லை. இன்றைக்குப் படும், நாளைக்குப் படும் என்று பார்த்தோம். உன் அப்பாவின் வலையில் வந்ததெல்லாம் விரல் நீளத்துப் பொடியும் பொலித்தீனும். எண்ணெய்ச் செலவுக்குக் காணாத மீனை ஒருவர் வீட்டுக்குச் சமாதானத்துக்குக் கொண்டு போக முடியுமா? விளக்குப் படகுக்கும் பிறகு மீன் இல்லாமல் போய், முதலாளி அதை வேறு கரைக்குக் கொண்டு போனான். சித்தப்பா தன் பங்கு வலையை விற்றுத் திரீவீலர் எடுத்தார். இப்போது கொச்சிக்கடைச் சந்தியில் ஓடுகிறார். கடலுக்கே போகாத மனுசனுக்கு மீன் எப்படிப் படும்? சண்டை அப்படியே நின்றுவிட்டது. கோபம் இருந்து நிற்கவில்லை மகன். கோபம் எப்போதோ போய்விட்டது. அதைத் தீர்க்கிற சாமான்தான் கையில் இல்லை.

இவர்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைக்காதே. எங்கள் ஒழுங்கையில் இப்போது யார் யாரோடு கதைப்பதில்லை என்று ஞாபகம் வைத்திருப்பதே பெரிய வேலையாகிவிட்டது. சின்னச் சின்னச் சண்டைகள். முன்பென்றால் ஒரு கிழமை தாங்காது. இப்போது கிடக்கிறது, யாரும் கூட்டாத குப்பை மாதிரி. ஆம்பிளைகள் செக்கியூரிட்டி வேலைக்கும், துறைமுகத்துக்கும், இத்தாலிக்கும் போய்விட்டார்கள். வேலை முடிந்து வந்து அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். முன்வீட்டு அக்காவை உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும், ரோசலின் அக்கா. புருசன் கடலோடு போன பிறகு, பிள்ளைகளை வளர்த்து முடிக்கிற வரைக்கும் அவள் வீட்டுக் கறிச்சட்டி காய்ந்தது இல்லை. யாரோ ஒருவரின் வள்ளத்துக் கறிக்கு அவள் வீட்டுக்குப் போகும். அதைப் பிச்சை என்று அவளும் நினைக்கவில்லை, கொடுத்தவர்களும் நினைக்கவில்லை. இப்போது ஒரு சங்கம் மாதத்துக்கு ஒரு தடவை அரிசியும் பருப்பும் டின்மீனும் பையில் போட்டுக் கொடுக்கிறது. வரிசையில் நின்று கையெழுத்து வைத்து, பையோடு போட்டோவுக்கும் நிற்க வேண்டும். போன மாதம் அவள் போகவில்லை. "ஏன் அக்கா?" என்று கேட்டேன். "மீனுக்கு நான் ஒருத்தருக்கும் கையெழுத்து வச்சதில்லையே" என்றாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

எனக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் மகன். ஒன்றும் உள்ளே போவதில்லை. என் வேலையினாலோ என்னவோ. வெள்ளவத்தையில் நான் நிற்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு நீயும் தர்ஷினியும் வந்து, மீன் பகுதியில் என்னைத் தொப்பியும் கையுறையுமாகப் பார்த்துவிட்டு, "அம்மா ஸ்மார்ட்டா இருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் ஐஸுக்குள் கை. மனேஜர் பொடியன் வந்து பார்த்து, "அக்கே, அய்ஸ் மதி" என்பான், ஐஸ் போதாதாம். இன்னும் அள்ளிக் கொட்டுவேன். எந்தக் கடலில் எந்த மாதம் பிடித்ததோ தெரியாத பாரையும் கெலவல்லாச் சூரையும் பெட்டி பெட்டியாக வருகிறது. "அக்கா, ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்கிறேன். செதிள் எடுத்து, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, துண்டு போட்டுக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி மரத்துப்போகும். முன்பு பின்னேரத்தில் திரும்பவும் உணர்வு வரும். இப்போது வீட்டுக்கு வந்து துணி தோய்க்கிற நேரத்திலும் விரல் யாருடையதோ மாதிரி இருக்கிறது. மனமும் அதே மாதிரி. அப்பா வள்ளத்தை ஏலம் போடப் போவதாகச் சொன்ன அன்றைக்கு நான் "ம்" என்று சொல்லிவிட்டுப் பருப்புக்குத் தாளித்தேன். பிறகு அவரே விற்கவில்லை என்று சொன்னார். அதற்கும் "ம்" என்றேன்.

ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டது மட்டும் என்னை விடவில்லை. உன் அப்பாவிடம் கல்யாணக் கார்டை நீட்டி, "இத தம்பி வீட்டுக்குக் குடுப்பமே" என்றேன். "வெறும் கார்டக் கொண்டு போய் நீட்டுறதா? அவன் நான் பேசினத மறந்திருப்பானா? ஒரு மீன் படட்டும்" என்றார். "படாட்டி?" என்று கேட்டேன். வெளியே போய்விட்டார். கல்யாணத்துக்கு அடுத்த மாதம் நாள் வைத்தாயிற்று. கடலை நம்பி இருந்தால் உன் பிள்ளையின் ஞானஸ்நானமும் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வேலை செய்தேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிகிற நேரத்தில், பெட்டியில் இருந்ததிலேயே கண் தெளிவான ஒரு பாரையை எடுத்து, ஸ்டாஃப் விலைக்குப் பில் போட்டு வாங்கினேன். வரும் வழியில் காலி முகத்திடலில் இறங்கி, கரைக்குப் போய் ஒரு பிடி மணல் அள்ளினேன். வீட்டுக்கு வந்து ஐஸ் குளிர் போகட்டும் என்று மீனைக் குசினி யன்னலடியில் கொஞ்ச நேரம் வைத்தேன். மேலே மணல் தூவினேன். கடலில் இருந்து இப்போதுதான் வந்த மாதிரியே இருந்தது. நானே நம்பினேன் என்றால் பாரேன். அப்பா அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கோப்பையைக் கொடுத்து, "சின்னம்மாட்ட குடுத்திட்டு, கறிக்கு எண்டு மட்டும் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு அப்படி இருந்ததால்தான் அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இருட்டுப்பட முன்னமே சித்தப்பாவின் மனிசி, உன் சின்னம்மா, எங்கள் வாசலில் வந்து நின்றாள். அத்தனை வருசத்துக்குப் பிறகு அவள் எங்கள் படியில் கால் வைக்கிறாள். கையில் அதே கோப்பை, அதே மீன். அவளுக்குக் கோபம் மாதிரித் தெரியவில்லை. "அக்கா, இந்த மீனுக்குச் செவுள் இல்ல" என்றாள். கோப்பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நான் மீனை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வழித்துத் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ மீனுக்குச் செய்கிற வேலை. மீனைக் கையில் எடுத்தால் இரண்டு விரல் தானாக உள்ளே போய்ப் பிடுங்கிவிடும். பில் போடக் கொண்டு போன அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடுங்கியிருக்கிறேன். என் விரலுக்கே தெரியவில்லை. கடலில் இருந்து வருகிற எந்த மீனுக்கும் செவுள் இல்லாமல் இருக்காதே! நான் மணல் தூவிய கெட்டித்தனத்தை நினைத்துச் சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் படியிலேயே இருந்துவிட்டேன். கோயிலால் வந்த உன் அப்பா மீனைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. ஏசுவார் என்று இருந்தேன். ஏசவில்லை. "என்னக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். இரவு சாப்பிடவில்லை. விடிய எழும்பி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். புதன்கிழமை வெறுங்கையோடு வந்தார். வியாழக்கிழமை இன்னும் தூரம் போய், வெயில் ஏறிய பிறகு வெறுங்கையோடு வந்தார். இந்த வயதில், அந்தப் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் போகக் கூடாது மகன். எனக்குப் பயமாக இருந்தது. மரத்துப்போனேன் என்று எழுதினேன் இல்லையா, பயம் மட்டும் அதற்குள்ளும் எப்படியோ வந்துவிடுகிறது.

உன் அப்பா கடலில் இருந்த அந்த இரண்டு நாளும் நான் உங்கள் இரண்டு பேரையும்தான் யோசித்தேன். நீயும் தர்ஷினியும் சண்டை பிடிப்பீர்கள். பிடிக்காத புருசன் பெண்சாதியை நான் கண்டதில்லை. அவள் வெள்ளிக்கிழமை மீன், மச்சம் ஒன்றும் சாப்பிட மாட்டாள், உனக்கு அன்றைக்குத்தான் இறால் வேண்டும் என்று தோன்றும். அதில் தொடங்கலாம், அதைவிடச் சின்னதிலும் தொடங்கலாம். பிழை யாருடையது என்று தேடத் தொடங்காதே. தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும், ஆனால் அதை வைத்து ஒரு நேரக் கறிகூட ஆக்க முடியாது. எங்களுக்கு மீன் இருந்தது. அது வாயைத் திறக்காமலே எங்களைச் சேர்த்து வைத்தது. மீன் போன பிறகுதான், கோபத்துக்கு வேறு ஒன்றையும் நாங்கள் பழகி வைக்கவில்லை என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கிற சொல்லே எங்கள் வாயில் வராது. நாங்கள் அதைப் பாவித்ததே இல்லை. நீங்கள் நாலாம் மாடியில் இருக்கப் போகிறீர்கள், யன்னலைத் திறந்தால் கடல் தெரியும், ஆனால் அந்தக் கடலில் இருந்து உங்களுக்கு ஒன்றும் வராது. உங்களுக்கென்று ஏதாவது ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் மணல் தூவியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். நான் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் அப்பா முன்னறையில் கதிரையில் சும்மா இருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சித்தப்பா. திரீவீலர் ஓடுகிற அதே சட்டையோடு நின்றார். கையில் ஒரு கோப்பை, மேலே இன்னொரு கோப்பையால் மூடியிருந்தது. உன் அப்பா எழும்பினார். சித்தப்பா இரண்டு கையாலும் நீட்டி, "கறிக்கு" என்றார்.

உன் அப்பா வாங்கினார். வாங்கின உடனேயே பாரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மேல் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த வெள்ளைக் கோப்பை. வெறும் கோப்பை ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்குப் போனதை எங்கள் ஒழுங்கையில் நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஒண்டும் படேல்ல அண்ணே" என்றார் சித்தப்பா.

உன் அப்பா மேல் கோப்பையைத் திரும்பவும் மூடினார். "எனக்கும்தான்" என்றார். பிறகு கோப்பையை என்னிடம் தந்து, "கறி வை" என்றார்.

என்னத்தைப் போட்டு என்று நான் கேட்கவில்லை. சட்டியை வைத்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, தூள், கொறுக்காய்ப் புளி, கடைசியில் தேங்காய்ப் பால். மீன் போடுகிற நேரம் வந்தபோது வெறும் கோப்பையைச் சட்டிக்கு மேல் சரித்துப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. சட்டியை இறக்கும்போது அதன் காது பட்டு விரல் சுட்டது. சுட்டது எனக்குத் தெரிந்தது. அழுகை அப்போதுதான் வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்க யாரும் குசினிக்குள் வரவில்லை, அதனால் அழுது முடித்தேன்.

பேக்கரியில் பாண் வாங்கி வந்திருந்தேன். இரண்டு பேருக்கும் துண்டு வைத்து, குழம்பை ஊற்றினேன். தலை குனிந்து சாப்பிட்டார்கள். மீன் இல்லாத கறியை விரலால் தடவித் தடவித்தான் சாப்பிட்டார்கள், பழகின கை. கல்யாணக் கார்டு மேசையில்தான் கிடந்தது. உன் அப்பா அதை எடுக்கவும் இல்லை, பழைய கதை ஒன்றும் பேசவும் இல்லை. சித்தப்பா இரண்டாவது துண்டைக் குழம்பில் தோய்த்து வாயில் வைக்கப் போனபோதுதான் உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"முள்ளுப் பாத்துச் சாப்பிடு" என்றார்.

"ஓம் அண்ணே" என்று சொல்லி, சித்தப்பா வாயில் இருந்ததை மெதுவாக, கவனமாக மென்றார்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான் மகன். வருவார்.

அம்மா